வெள்ளவத்தைத் தூசிக்கு எந்த வடிகட்டி?

இந்தக் கேள்வி பல வீடுகளில் இருப்பதால், கேட்டவரின் நிலைமையை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து ஓர் ஒழுங்கை உள்ளே, தொடர்மாடியின் மூன்றாம் தளத்தில் குடியிருக்கும் ஒரு தாய். எட்டு வயது மகன் விடிந்து எழும்பியதும் பத்துப் பதினைந்து தும்மல் தும்முகிறான். மூக்கு ஒழுகுகிறது, கண்ணைக் கசக்குகிறான். பாடசாலைக்குப் போனபின் அடங்கிவிடுகிறது. காலையில் துடைத்த மேசையில் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். கடைக்காரர் “எச் 13 ஹெப்பா, அயன், யூ.வி. எல்லாம் இருக்கிறது” என்று ஒரு காற்றுச் சுத்திகரிப்பானைக் காட்டுகிறார். (ஹெப்பா என்பது நுண்துகளைப் பிடிக்கும் வடிகட்டி, மற்ற இரண்டும் கூடுதல் வசதிகள். பிறகு விளக்குகிறேன்.) ரொறன்ரோவில் இருக்கும் மாமா “மெர்வ் 13 வடிகட்டி போடுங்கள், வேறொன்றும் தேவையில்லை” என்கிறார். எதை வாங்குவது?

நான் வைத்தியர் அல்லன். இருபது வருடத்துக்கு மேலாகக் கொழும்பில் குளிரூட்டிகளையும் காற்றோட்டக் குழாய்களையும் கழற்றிப் பூட்டிக்கொண்டிருப்பவன். வீடுகளுக்குள் காற்று எப்படிப் போகிறது, தூசி எங்கே தங்குகிறது என்பது எனக்குத் தெரிந்த விடயம். அந்த அளவில் சொல்கிறேன்.

மாமாவின் ஆலோசனையை முதலில் மரியாதையாக ஒதுக்கி வைப்போம். அவர் சொன்னது அவருடைய வீட்டுக்குச் சரி. கனடாவில் பெரும்பாலும் வீடு முழுவதற்கும் ஒரே இயந்திரம் குழாய்கள் வழியாகச் சூடும் குளிரும் அனுப்புகிறது. வீட்டுக்காற்று முழுவதும் அந்த ஒரு வாயில் வழியாகத் திரும்பத் திரும்பப் போவதால், அங்கே நல்ல வடிகட்டி செருகினால் வீடு முழுவதற்கும் பலன் கிடைக்கும். மெர்வ் என்பது அந்த வகை வடிகட்டிகளுக்கு அமெரிக்கப் பொறியியலாளர் சங்கம் வகுத்த தர வரிசை. 13 என்றால், 0.3 முதல் 1 மைக்ரோன் வரையான துகளில் பாதியையாவது, 1 முதல் 3 மைக்ரோன் வரையானதில் 85 வீதத்தையாவது பிடிக்க வேண்டும். (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிப்பு ஏறக்குறைய 70 மைக்ரோன்.)

நம்முடைய படுக்கையறைச் சுவரில் தொங்குவதோ ஸ்பிளிட் குளிரூட்டி. அதற்குள் இருக்கும் பிளாஸ்டிக் வலை பஞ்சையும் முடியையும் மறித்து, உள்ளே காற்றைக் குளிராக்கும் குழாய்ச் சுருளைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. உங்கள் மகனைக் காப்பாற்ற அல்ல. அந்த வலையின் மேல் தடித்த வடிகட்டித் துணியை வெட்டி ஒட்டிவிட்டு, “குளிர் வரவில்லை, சுவரெல்லாம் தண்ணீர் வழிகிறது” என்று அழைத்தவர்கள் உண்டு. காற்று போதாமல் சுருளில் ஐஸ் கட்டியிருக்கும். அந்த இயந்திரத்தின் விசிறிக்கு அவ்வளவு தடையைத் தாண்டும் பலம் கிடையாது. வலையை இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவுங்கள், வருடத்தில் இரண்டு முறை ஆள் பிடித்து சுருளையும் உருளை விசிறியையும் கழுவுவியுங்கள். அந்த உருளையில் கறுப்பாகப் படிந்திருப்பது பெரும்பாலும் பூஞ்சணம். அதைத் தொட்டு வரும் காற்றைத்தான் இரவு முழுவதும் பிள்ளை சுவாசிக்கிறான்.

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் இரண்டு தூசிகள் கலந்திருக்கின்றன. மேசையில் பெயர் எழுத வைப்பது ஒன்று, மகனைத் தும்ம வைப்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே இயந்திரம் மருந்தாகும் என்று நினைத்துக் கடைக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

மேசைத் தூசி பெரும்பாலும் பருமனானது. துணி இழை, தோல் செதில், பக்கத்தில் எழும்பும் புதுத் தொடர்மாடியின் சீமெந்து, பஸ் டயரும் பிரேக்கும் தேய்ந்த கறுப்பு, கடற்பக்கத்திலிருந்து உப்பு. இவை காற்றில் அதிக நேரம் நிற்பதில்லை. மூலையில் இருக்கும் இயந்திரம் இழுப்பதற்குள் பெரும்பகுதி மேசையில் உட்கார்ந்துவிடும். ஆகவே எவ்வளவு விலையான சுத்திகரிப்பான் வாங்கினாலும் ஈரத்துணி உங்கள் கையை விட்டுப் போகாது. வாங்கியவர்கள் முதல் மாதத்தில் சொல்லும் முறைப்பாடு இதுதான்: “இன்னும் தூசி படிகிறதே!” படியத்தான் செய்யும்.

மகனின் தும்மலுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது காலி வீதியை அல்ல, அவனுடைய மெத்தையை. விடியற்காலையில் மோசம், வீட்டை விட்டு வெளியே போனால் குறைகிறது என்றால், இரவு எட்டு மணிநேரம் முகத்தை எங்கே வைத்திருந்தான் என்று பார்க்க வேண்டும். மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிச் சிற்றுண்ணி ஒரு மில்லிமீற்றரில் மூன்றிலொரு பங்கு நீளம், கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. உதிரும் தோல் செதில்தான் அதன் சாப்பாடு. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தைத் தன் உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. ஈரப்பதன் 50 வீதத்துக்குக் கீழே நெடுநாள் நின்றால் காய்ந்து செத்துவிடும். கொழும்பில் இரவு ஈரப்பதன் 80 வீதத்துக்கு மேல் போவது சாதாரணம். வெப்பமும் அதற்குப் பிடித்த வெப்பம். குளிர் நாடுகளில் பனிக்காலம் வந்து அவற்றின் தொகையைக் குறைத்துவிடும். நமக்கு அந்த உதவியும் இல்லை.

ஒவ்வாமையைத் தருவது அந்த உயிரியின் எச்சத்தில் இருக்கும் புரதம். எச்சத் துணுக்கு ஒன்று 10 முதல் 40 மைக்ரோன் வரை பருமன் உள்ளது. படுக்கையை உதறும்போது கிளம்பும், இருபது முப்பது நிமிடத்துக்குள் திரும்பவும் கீழே படிந்துவிடும். சுத்திகரிப்பான் மிதப்பதைத்தான் பிடிக்கும். மூக்கிலிருந்து ஓர் அங்குலத்தில், தலையணைக்குள் இருப்பதை அது எப்படிப் பிடிக்கும்?

ஆகையால் இயந்திரத்துக்கு முன் மெத்தைக்கும் தலையணைக்கும் முழுதாக மூடி சிப் பூட்டும் உறை வாங்குங்கள். மேலே மட்டும் விரிக்கும் உறை போதாது, ஆறு பக்கமும் மூட வேண்டும். நெருக்கமாக நெய்த துணி நல்லது. பிளாஸ்டிக் உறை வியர்க்கும், நம் வெக்கையில் பிள்ளை இரண்டாம் நாளே கழற்றி எறிவான். அம்மம்மா தந்த இலவம்பஞ்சுத் தலையணை இருந்தால் மனதைக் கல்லாக்கிக்கொண்டு மாற்றிவிடுங்கள். பழைய இலவம்பஞ்சும் தும்பு மெத்தையும் இந்த உயிரிக்கு மாளிகை. விரிப்பும் தலையணை உறையும் கிழமைக்கு ஒருமுறை 60 பாகை வெந்நீரில் தோய வேண்டும். மேலே மூடி திறக்கும் சலவை இயந்திரங்கள் பெரும்பாலும் பச்சைத் தண்ணீரில்தான் சுழலும். அப்படியானால் துவைப்பதற்கு முன் ஒரு பாத்திரத்தில் சுடுநீர் ஊற்றி ஊறவிடுங்கள். நல்ல வெயில் கிடைத்தால் மொட்டை மாடியில் காயப் போடுவதும் உதவும், உயிரி சாகும். எச்சம் மட்டும் துவைத்தால்தான் போகும். வீதிப் பக்கத்து பல்கனியில் மட்டும் காயப் போடாதீர்கள். மாலையில் மடித்து எடுக்கும்போது காலி வீதியையும் சேர்த்து மடித்துக் கட்டிலுக்குக் கொண்டுவருவீர்கள்.

தும்புத்தடியால் கூட்டுவதைப் பிள்ளை வீட்டில் இல்லாத நேரத்துக்கு மாற்றுங்கள். அதன்பின் ஈரத்துணியால் துடையுங்கள். மின்விசிறி இறக்கைகளைக் கிழமைக்கு ஒருமுறை. கனத்த திரைச்சீலையை எடுத்துவிட்டு, துவைக்கக்கூடிய மெல்லிய துணி போடலாம்.

இவ்வளவும் செய்தால் சுத்திகரிப்பான் வேண்டாமா என்றால், வேண்டும் என்றுதான் சொல்வேன். உங்கள் வீடு இருக்கும் இடம் அப்படி. ஒரு பக்கம் காலி வீதியின் டீசல் புகை, மற்றப் பக்கம் கடலோரப் பாதையில் டீசலில் ஓடும் ரயில். டீசல் கரி ஒரு மைக்ரோனுக்கும் சிறியது, மணிக்கணக்கில் மிதக்கும், சுவாசப்பையின் ஆழம்வரை போகும். பூஞ்சண வித்துகளும் பூனையின் ஒவ்வாமைப் புரதமும் கூட நெடுநேரம் மிதப்பவைதான். ஒவ்வாமையால் ஏற்கெனவே வீங்கியிருக்கும் மூக்குக்கு இந்தப் புகை எரிகிற வீட்டில் எண்ணெய்.

காலத்தையும் கவனியுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஓரளவு சுத்தமான காற்றைத் தருகிறது. நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை காற்று தரைப்பக்கமிருந்து வருகிறது, சில நாட்களில் இந்தியாவின் புகையையும் அள்ளிக்கொண்டு வருகிறது. 2022 டிசம்பரில் வங்காள விரிகுடாவில் மாண்டஸ் புயல் நின்ற நேரம் கொழும்பு வானம் சாம்பல் பூத்ததும், 9 ஆம் திகதி பாடசாலைகளை மூடியதும் நினைவிருக்கும். பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளுக்கு இலங்கை வைத்திருக்கும் எல்லை 24 மணிநேரச் சராசரியில் கனமீற்றருக்கு 50 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் சொன்னது 15. இரண்டுக்கும் இடையில் விழும் நாட்களில் “எல்லைக்குள் இருக்கிறது” என்ற செய்தியைப் படித்துவிட்டு யன்னலைத் திறந்து வைக்க வேண்டாம்.

வீட்டுக்குள்ளேயே ஒரு பஸ்ஸை ஓட்டுகிறீர்களா என்றும் பாருங்கள். நுளம்புச்சுருளைத்தான் சொல்கிறேன். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகளின் எடை 75 முதல் 137 வரையான சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003 இல் வெளியான ஓர் ஆய்வு அளந்து சொன்னது. டெங்குப் பயத்தில் நுளம்பை விட்டுவிட முடியாது, சரி. யன்னலுக்கு வலை அடியுங்கள், கட்டிலுக்கு நுளம்புவலை கட்டுங்கள், வலையையும் மாதம் ஒருமுறை துவையுங்கள். சுத்திகரிப்பான் ஓடும் அறையில் சுருள் கொளுத்துவது ஓட்டைத் தோணியில் தண்ணீர் இறைப்பது போன்றது. வெள்ளிக்கிழமைச் சாம்பிராணியை என் மனைவியிடமே நிறுத்தச் சொல்ல எனக்குத் துணிவில்லை, உங்களுக்கும் சொல்லவில்லை. பிள்ளையின் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் காட்டுங்கள்.

இயந்திரத்தைத் தெரிவு செய்யும்போது பெட்டியில் முதலில் தேட வேண்டியது சி.ஏ.டி.ஆர். என்ற எண். ஒரு மணிநேரத்தில் எவ்வளவு சுத்தமான காற்றைத் தரும் என்பதன் அளவு அது. “60 சதுர மீற்றருக்குப் போதும்” என்று பெரிய எழுத்தில் இருப்பதை நம்ப வேண்டாம். மணிக்கு ஒன்றிரண்டு தடவை காற்றைச் சுற்றினால் போதும் என்று கணக்குப் போட்டாலும் அப்படி எழுதலாம். ஒவ்வாமைக்காரர் அறையில் மணிக்கு ஐந்து தடவை சுற்ற வேண்டும். மகனின் அறை 10 அடிக்கு 12 அடி, உயரம் 9 அடி என்று வைத்தால் 1080 கன அடி, ஏறக்குறைய 31 கனமீற்றர். ஐந்தால் பெருக்கினால் மணிக்கு 155 கனமீற்றர். பெட்டியில் நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று இருந்தால் 1.7 ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கனமீற்றர் என்றாகிவிடும்.

ஆனால் 155 உள்ளதை வாங்காதீர்கள். அந்த எண் உச்ச வேகத்தில் எடுத்தது. உச்ச வேகத்தில் அது போடும் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது, முதல் இரவே குறைத்துவிடுவீர்கள். குறைத்தால் கிடைப்பது பாதி அல்லது மூன்றிலொரு பங்கு. 300 அளவுள்ளதை வாங்கி நடு வேகத்தில் ஓட விடுங்கள். கொழும்பு வீடுகளில் நான் காணும் பிழை பெரும்பாலும் இதுதான்: நல்ல வடிகட்டி, போதாத விசிறி. அல்லது அறைக்கு அளவான ஒன்றை வாங்கி, எல்லாருக்கும் பயன்படட்டும் என்று மண்டபத்தில் வைப்பது. அப்படி வைத்தால் ஒருவருக்கும் பயனில்லை. அது பிள்ளை தூங்கும் அறையில், கதவு சாத்தி, சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளி நிற்க வேண்டும்.

ஹெப்பா என்பதற்கு அமெரிக்க வரைவிலக்கணம் 0.3 மைக்ரோன் துகளில் 99.97 வீதம். ஐரோப்பிய எச் 13 என்பது பிடிப்பதற்கு மிகக் கடினமான அளவுத் துகளில் 99.95 வீதம். 0.3 ஏன்? அதைவிடச் சிறியவை காற்று மூலக்கூறுகள் இடித்துத் தள்ளாடி இழையில் போய் ஒட்டுகின்றன, பெரியவை வளையத் தெரியாமல் நேரே போய் மோதுகின்றன. நடுவில் நிற்பவைதான் நழுவப் பார்க்கின்றன. ஆகவே “0.1 மைக்ரோனையும் பிடிக்கும்” என்று கடைக்காரர் வியந்து சொன்னால் புன்னகைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு எச் 13 தான் வேண்டும் என்ற பிடிவாதமும் தேவையில்லை. காற்று திரும்பத் திரும்பச் சுற்றும் அறையில் 95 வீதமும் 99.95 வீதமும் தரும் வித்தியாசம் சிறியது, விசிறியின் பலம் தரும் வித்தியாசம் பெரியது. “ஹெப்பா போன்றது”, “ஹெப்பா வகை” என்று எழுதியிருந்து எண் எதுவும் இல்லையென்றால் மட்டும் விட்டுவிடுங்கள்.

அயன், அதாவது காற்றுக்கு மின்னேற்றம் கொடுக்கும் வசதி? வேண்டாம். சில வகை ஓசோனையும் சேர்த்து விடும், அது சுவாசக்குழாயை அரிக்கும். இருந்தால் அணைத்து வைக்கக்கூடிய தனிப் பொத்தான் இருக்க வேண்டும். யூ.வி. என்பது கிருமியைக் கொல்லப் போடும் புற ஊதா விளக்கு. அதைக் காற்று கடக்கும் நேரம் ஒரு கணம். அலங்காரம். கரி வடிகட்டி மணத்துக்கும் வாயுவுக்கும் மட்டும், மெல்லிய கரித் தாள் நம் ஈரத்தில் சீக்கிரம் நிரம்பிவிடும். கழுவிப் பாவிக்கலாம் என்று விற்கும் “நிரந்தர” வடிகட்டியிலும் எனக்கு நம்பிக்கையில்லை. வீட்டுச் சுத்திகரிப்பான்களின் வடிகட்டி பலவற்றில் இழைகளுக்கு மின்னேற்றம் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் பட்டால் அது போய்விடும். எண்ணெய்ப் புகை பட்டாலும் குறையும். குசினிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மிளகாய் வறுத்தால் வடிகட்டியின் ஆயுள் பாதி.

கழுவ வேண்டியது வெளியே இருக்கும் முன்வலையை மட்டும், அதுவும் மாதம் ஒருமுறை. நன்றாகக் காய்ந்தபின் போடுங்கள். மழைநாளில் அரைகுறை ஈரத்தோடு போட்டால் ஒரு கிழமையில் ஈரச்சாக்கு நாற்றம் வரும். வந்தால் உள் வடிகட்டியையும் மாற்றத்தான் வேண்டும்.

வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: மாற்று வடிகட்டி இன்று, இந்தக் கடையில் இருக்கிறதா, என்ன விலை? வருடத்துக்கு ஒன்று, வீதியோரத்தில் என்றால் இரண்டும் தேவைப்படலாம். 2022 இல் டொலர் தட்டுப்பாட்டில் இறக்குமதிகள் இறுகியபோது, நல்ல இயந்திரங்கள் வடிகட்டி இல்லாமல் பூச்சாடி வைக்கும் மேடையாக நின்றதைப் பார்த்திருக்கிறேன். முடிந்தால் இயந்திரத்தோடு ஒரு வடிகட்டியையும் சேர்த்தே வாங்குங்கள், பொலித்தீன் உறையைப் பிரிக்காமல் வைத்திருக்கலாம்.

மாமா அங்கிருந்து அனுப்புகிறேன் என்றால் அன்போடு மறுத்துவிடுங்கள். அங்கே மின்சாரம் 120 வோல்ற், இங்கே 230. என் தங்கை வீட்டுக்கு அப்படி ஒன்று வந்தது. மச்சான் பிளக்கை மட்டும் மாற்றிச் செருகினார், ஒரு நொடி ஓடியது, கருகல் மணம், அவ்வளவுதான். காற்றைச் சுத்தமாக்க வந்தது அன்றைக்கு வீட்டையே புகைத்துவிட்டது.

மின்கட்டணம் பற்றிப் பயப்பட வேண்டாம். 40 வாற் இயந்திரம் இரவு பத்து மணிநேரம் ஓடினால் மாதம் 12 அலகு, நாள் முழுவதும் ஓடினால் 29. கட்டணப் பட்டியலில் அடுத்த படிக்கு ஏறும் விளிம்பில் நிற்கிறீர்களா என்று மட்டும் பழைய பில்லைப் பாருங்கள். இயந்திரத்தில் வரும் நிற விளக்கை அதிகம் நம்பாதீர்கள். ஒளியால் துகளை எண்ணும் அந்த உணரி, ஈரம் மிகுந்தால் நீர்த்துளியையும் தூசியாக எண்ணிச் சிவக்கும். மழை இரவில் சிவப்பைக் கண்டு பதற வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுத்திகரிப்பான் தூசியை எடுக்குமே தவிர, புதுக்காற்றைத் தராது. ஸ்பிளிட் குளிரூட்டியும் தராது. கதவு யன்னல் எல்லாம் அடைத்த சிறிய அறையில் மூன்று பேர் தூங்கினால் விடியும்போது தலை கனக்கும். வாகனங்கள் குறைந்த நேரத்தில், காலை ஐந்தரைக்கோ பிற்பகலிலோ, கடற்பக்க யன்னலைத் திறந்து இருபது நிமிடம் காற்று மாறவிடுங்கள். குளிரூட்டி ஓடும்போது ஈரம் ஓரளவு குறையும் என்பதும் உண்ணிக்கு எதிராக நமக்குக் கிடைக்கும் சிறு அனுகூலம். நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க நள்ளிரவில் அணைத்துவிட்டால் ஈரம் திரும்பி வந்துவிடும்.

வரிசை இதுதான்: இந்தக் கிழமை உறைகள். அதோடு மூன்று நான்கு கிழமை பாருங்கள். இதற்கிடையில் வைத்தியரிடம் காட்டி, தோலில் சிறு குத்துக் குத்திப் பார்க்கும் ஒவ்வாமைப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள். அதற்கு முன் சில நாட்கள் தும்மல் மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். இரவில் இருமலோ இழுப்போ இருந்தால் இந்த மூன்று நான்கு கிழமைக் கணக்கு பொருந்தாது, நாளைக்கே போங்கள். தும்மல் பாதியாகக் குறைந்தால் உண்ணிதான் ஆள் என்று ஊகிக்கலாம். சுத்திகரிப்பானை, காற்று தரைப்பக்கமிருந்து வரத் தொடங்கும் நவம்பருக்கு முன் வாங்கினால் போதும்.

மகன் கரடிப் பொம்மையைக் கட்டிப்பிடித்துத்தான் தூங்குவான் என்று எழுதியிருந்தீர்கள். அதற்குள்ளும் உண்ணிகள் இருக்கும். ஒரு பையில் கட்டி ஒரு நாள் முழுவதும் குளிர்சாதனப் பெட்டியின் ஐஸ் கட்டும் தட்டில் வைத்துவிட்டு, பிறகு துவைத்துக் காய வையுங்கள். மாதம் ஒருமுறை செய்தால் நல்லது. ஆனால் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். என் மகள் சிறியவளாக இருந்தபோது நான் சொல்லாமல் வைத்துவிட்டு, இரவு ஐஸ்கிறீம் எடுக்கப் போனவள் போட்ட கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் ஏறி வந்துவிட்டார்.